ஓடாத டயருக்கு என்ன வயசு?

காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தது 2023-ல்.

2014-ல் ஆசை ஆசையாக வாங்கிய சின்னக் கார். ஒன்பது வருடத்தில் மொத்தமே 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. திருச்சிக்குள் ஆபீஸ் போய்வர எனக்கு ஸ்கூட்டர் போதும். கல்யாணம், காதுகுத்து என்றால்தான் கார் வெளியே வரும். 2020-ல் ஊரடங்கு வந்தபோது கவர் போட்டு மூடியதோடு சரி. அடுத்த இரண்டு வருடமும் எங்கள் அபார்ட்மென்ட் வேப்பமரத்தடியில், யாரோ மறந்துவிட்டுப் போன மூட்டை மாதிரி நின்றது.

''ஏங்க, இதுக்குக் கட்டுற இன்ஷூரன்ஸ் காசுக்கு நாம போற நாலு இடத்துக்கும் கால் டாக்சியிலயே போயிட்டு வந்துடலாம்'' என்றாள் மனைவி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பார்க்க வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனைவிக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். மாமனார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி.

''கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு பஸ்ல அவ்ளோ தூரம் போயிட்டு வர முடியல சார். மாசம் ஒரு தடவையாவது போவோம். அதான் ஒரு வண்டி இருந்தா...'' என்றார்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். ஏ.சி. போட்டுப் பார்த்தார். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைத் தடவினார். பட்டனுக்கு நடுவில் விரலை விட்டு ஆழம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

''டயர் நாலும் சூப்பரா இருக்கே சார்!''

டிக்கியைத் திறந்தார். புது டயரில் ரப்பர் முடி முடியாக நீட்டிக்கொண்டு இருக்குமே, அதுகூட உதிராமல் ஸ்டெப்னி படுத்திருந்தது.

''ஸ்டெப்னி ரோட்டையே பாத்ததில்ல போலிருக்கு?''

''ஆமா தம்பி. ஒரு தடவைகூட கீழ இறக்கல'' என்றேன்.

''அப்ப இப்போதைக்கு டயர் செலவு இல்ல. இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டர் கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம். என்ன சார்?''

நான் சிரித்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா சிரித்தேன். விலை 2,40,000 என்று முடிந்தது. 10,000 ரூபாய் அட்வான்ஸை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, மீதியை ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், எங்கள் தெருமுனை பஞ்சர் கடை பாய்.

நாலு மாதத்துக்கு முன்னால் காற்று அடிப்பதற்காக அவர் கடைக்குப் போயிருந்தேன். காற்று அடித்து முடித்தவர், டயரின் பக்கவாட்டில் இருந்த தூசியைத் துணியால் துடைத்தார். நீள்வட்டமான ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு எண்கள் இருந்தன. 0614.

''இது என்னன்னு தெரியுதா சார்?''

''ஏதாவது மாடல் நம்பரா இருக்கும்.''

''ஜாதகம் சார்.''

முதல் இரண்டு எண் வாரம். அடுத்த இரண்டு எண் வருடம். அதாவது, 2014-ம் வருடத்தின் ஆறாவது வாரத்தில் அந்த டயர் தொழிற்சாலையில் பிறந்திருக்கிறது. 2000-ம் ஆண்டிலிருந்து இப்படி நாலு எண் போடுகிறார்கள். அதற்கு முன் மூன்று எண்தான்.

''அதான் பட்டன் இவ்வளவு இருக்கே பாய்?''

''அங்கதான் சார் எல்லாரும் ஏமாறுறது. டயருக்கு ரெண்டு வயசு. ஓடுன வயசு ஒண்ணு, பொறந்த வயசு ஒண்ணு. ஓடுன வயசு பட்டன்ல தெரியும். பொறந்த வயசு உள்ளுக்குள்ள இருக்கும். ஒங்க வண்டி ஓடல, நின்னுச்சு. நின்னாலும் வயசு ஆகும்ல?'' என்றவர், ரிம்முக்குப் பக்கத்தில் டயரை அழுத்திக் காட்டினார். கோடையில் காய்ந்த கண்மாய் மாதிரி மெல்லிய கீறல்கள். ''நாலையும் மாத்திடுங்க. ஸ்டெப்னியும் சேத்துத்தான்.''

நாலு டயருக்கு 16,000 ரூபாய் ஆகும் என்றார். ''பாக்கலாம் பாய்'' என்று வந்துவிட்டேன். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு 16,000? யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்போம்!

பாய் சொன்னது நிஜம்தானா என்று அப்புறம் தேடிப் படித்தேன். கொஞ்சம் ரசாயனம் தெரிந்தால்தான் இது புரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞரின் மாமனார் விடியற்காலையில் மரத்தைக் கீறி எடுக்கிறாரே ரப்பர் பால், அதை அப்படியே உறையவைத்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839-ல், ரப்பரோடு கந்தகம் கலந்து சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டுபிடித்தார். ரப்பரின் நீளமான இழைகளுக்கு நடுவே கந்தகம் குறுக்குப் பாலம் போடுகிறது. வளைந்தாலும் பழைய இடத்துக்கே திரும்பி வருகிற குணம் அதனால்தான் வருகிறது. பாவம், அந்த மனிதர் 1860-ல் கடனாளியாகவே செத்துப்போனார். அவர் பேரில் இருக்கிற டயர் கம்பெனி 1898-ல் வேறு யாரோ ஆரம்பித்தது.

விஷயம் என்னவென்றால், தொழிற்சாலையில் போட்ட பாலங்களோடு கதை முடிவதில்லை. காற்றில் இருக்கிற ஆக்சிஜன் ரப்பருக்குள் நுழைந்துகொண்டே இருக்கிறது. புதிய பாலங்கள் உண்டாகின்றன, சில இழைகள் அறுகின்றன. ரப்பர் இறுகுகிறது. வளைய வேண்டிய இடத்தில் விரிசல் விடுகிறது. வெளியிலிருந்து மட்டும் இது நடப்பதில்லை. டயருக்குள் நாம் அழுத்தி அடைத்த காற்றிலும் ஆக்சிஜன் உண்டே! அது உள்ளிருந்து வெளியே கசியப் பார்க்கிறது. வழியில் இரும்புக் கம்பிப் பட்டைகளும் ரப்பரும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தைப் பலவீனமாக்குகிறது. அந்த ஒட்டு விட்டுப்போனால் வேகத்தில் டயரின் மேல்தோல் பெயர்ந்து வரும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு முதல் நாள் வரை எதுவும் தெரியாது.

இதில் சூடுதான் பெரிய வில்லன். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த மாதிரி ரசாயன மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அமெரிக்காவில் ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் 2002 முதல் 2006 வரையிலான கணக்கை அந்த நாட்டு சாலைப் பாதுகாப்புத் துறை எடுத்துப் பார்த்தது. கம்பெனியின் வாடிக்கையாளர்களில் 27 சதவிகிதம் பேர்தான் டெக்சாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா என்ற ஐந்து வெப்ப மாநிலங்களில் இருந்தார்கள். ஆனால், டயர் சம்பந்தமான இழப்பீடு கேட்டவர்களில் 77 சதவிகிதம் பேர் அங்கிருந்துதான் வந்திருந்தார்கள். அந்த டயர்களில் 84 சதவிகிதம் ஆறு வயதைத் தாண்டியவை. திருச்சி வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஓடுகிற டயருக்கு இந்தக் கஷ்டம். ஓடாத டயர் சௌக்கியமாக இருக்குமா?

அங்கேதான் வேடிக்கை. டயர் செய்யும்போதே ரப்பரில் ஒருவகை மெழுகும் பாதுகாப்பு ரசாயனங்களும் கலக்கிறார்கள். காற்றில் உள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்காமல் தடுப்பது இவற்றின் வேலை. இவை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்து ஒரு படலமாகப் படியும். டயர் உருண்டு, நசுங்கி, விரியும்போதுதான் இந்த வரத்து நன்றாக நடக்கும். நம் உடம்பில் ரத்த ஓட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே நிற்கிற டயருக்கு அது குறைந்துபோகும். போதாததற்கு, காரின் மொத்தக் கனமும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தி டயரைத் தட்டையாக்கும்.

டிக்கிக்குள் சொகுசாகப் படுத்திருக்கிற ஸ்டெப்னிக்கும் விதிவிலக்கு இல்லை. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஓடிய வண்டிகளின் டயர்களைச் சேகரித்து அதே அமெரிக்கத் துறை ஆராய்ந்தபோது, ரோட்டில் இறங்காத ஸ்டெப்னிகளுக்கும் வயதாகியிருப்பது தெரியவந்தது. அதற்குள்ளும் அழுத்திய காற்று இருக்கிறதே!

வண்டியில் மாட்டாமல், காற்று அடிக்காமல், இருட்டான குளிர்ச்சியான அறையில், பெட்ரோல், கிரீஸ் படாமல், ஓசோனைக் கிளப்புகிற மின்மோட்டார் பக்கத்தில் இல்லாமல் வைத்தால் டயருக்கு மெதுவாகத்தான் வயதாகும். ஜெர்மனியில் டயர் வியாபாரிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பாதுகாத்த டயர் மூன்று வருடம் வரை தொழிற்சாலைப் புதுசு, ஐந்து வருடம் வரை புதுசு. பெரிய டயர் கம்பெனிகள் பலவும், உபயோகத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆன டயரை வருடம் ஒரு தடவை பரிசோதிக்கச் சொல்கின்றன. தயாரித்துப் பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன. சில கார் கம்பெனிகள் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன.

ஆக, ''ஸ்டெப்னியை ஒரு தடவைகூட கீழ இறக்கல'' என்று நான் சொன்னது சத்தியமான உண்மை. கோர்ட்டில் கற்பூரம் அடித்துச் சொல்லலாம். அந்த இளைஞர் அதிலிருந்து என்ன புரிந்துகொள்வார் என்று எனக்குத் தெரியும். அவர் புரிந்துகொள்ளப்போவது பொய் என்பதும் தெரியும். உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதை அன்றைக்குத்தான் என்னிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

படுத்துக்கொண்டே எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். பத்து வருடம் ஆகவில்லையே, ஒன்பதுதானே? நம் ஊரில் எத்தனை பேர் மொட்டை டயரோடு ஓட்டுகிறார்கள்? அவர்களெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? மாத்திரை அட்டை மாதிரி டயருக்குக் காலாவதித் தேதி ஏதாவது போட்டிருக்கிறதா? நம்பர் டயர் மேலேயே இருக்கிறது, நான் என்ன மறைத்தா வைத்தேன்? பார்க்காதது அவர் தப்பு. வாங்குகிறவன்தானே விசாரித்து வாங்க வேண்டும்?

எல்லாமே பலமான வாதங்கள். ஆனால், படித்ததில் ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் நடந்தது. வைட் தீவில் ஒரு இசைத் திருவிழா முடிந்து இளைஞர்கள் கோச் பஸ்ஸில் லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் என்ற இடத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸின் முன்பக்க டயர் வெடித்தது. பஸ் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு பையனுக்கு 18 வயது. வெடித்த டயருக்கு 19 வயதுக்கு மேல்.

இன்னொரு தடவை படியுங்கள். டயர் அந்தப் பையனைவிட மூத்தது. அந்த பஸ்ஸைவிடவே மூத்தது. ஆனால், பட்டன் சட்டப்படி போதுமான அளவு இருந்தது. அதனால் யார் மீதும் வழக்குப் போட முடியவில்லை. டயருக்கு இத்தனை வயதுதான் என்று எந்தச் சட்டமும் அப்போது அங்கே இல்லை. யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மூன்று பேர் மட்டும் வீடு திரும்பவில்லை.

அந்தப் பையனின் அம்மா விடவில்லை. வருடக்கணக்காகப் போராடினார். கடைசியில் 2021 பிப்ரவரி 1 முதல், லாரி, பஸ், கோச் வண்டிகளின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் போடக் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. மினி பஸ்களின் ஒற்றைச் சக்கரங்களுக்கும் அதே தடை. சட்டம் வருவதற்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்கு முன்பும் பத்தொன்பது வயது டயர் ஆபத்தானதாகத்தானே இருந்தது?

சட்டம் எப்போதும் நம் மனசாட்சிக்குப் பின்னால்தான் நடந்து வரும் போலிருக்கிறது. சில நேரம் ரொம்பப் பின்னால்.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது? 1872-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-வது பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. கூடவே உதாரணங்களும் கொடுத்திருக்கிறார்கள். முதல் மூன்றும் ஒரு குதிரையைப் பற்றி. கார் இல்லாத காலம் அல்லவா!

ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். அதற்கு ஏதோ குறை இருப்பது அவனுக்குத் தெரியும். வாங்குகிறவனிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இது மோசடி இல்லை.

அப்பாடா என்று இருந்தது. நமக்குச் சாதகமாக இருக்கிறதே! அடுத்த உதாரணத்தைப் படித்தேன்.

வாங்குவது அவனுடைய சொந்த மகள். இப்போதுதான் மேஜர் ஆனவள். அப்படியென்றால், குதிரையின் குறையை அவன் சொல்லியே ஆக வேண்டும். அந்த உறவு அப்படி.

அதற்கடுத்த உதாரணம் இன்னும் மோசம். வாங்குகிறவன் சொல்கிறான்: நீங்கள் மறுக்கவில்லையென்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். விற்கிறவன் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே அவனுடைய மௌனம் பேச்சுக்குச் சமம்.

''முப்பதாயிரம் கிலோமீட்டர் கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம். என்ன சார்?''

நான் சிரித்த அந்தச் சிரிப்பு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலேயே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது போல இருந்தது. கோர்ட்டுக்குப் போனால் என் சிரிப்புக்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்பது வக்கீல்கள் பாடு. எனக்கு மனசில் நின்றது அந்த மகள்தான். குதிரை அதேதான். குறையும் அதேதான். மகள் வாங்கினால் சொல்ல வேண்டும், அடுத்தவன் வாங்கினால் சொல்ல வேண்டாம். அடுத்தவனும் யாரோ ஒருவருக்கு மகன்தானே? அந்தக் கைக்குழந்தையும் ஒருவருடைய மகள்தானே?

வாய்மைக்கு இலக்கணம் சொல்ல வந்த வள்ளுவர், நடந்ததை நடந்தபடியே சொல்வதுதான் வாய்மை என்று சொல்லவில்லை. யாருக்கும் எந்தத் தீங்கும் வராத சொல்லே வாய்மை என்றார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது, இது என்ன, பொய் சொல்வதற்கு ஓட்டை வைத்தது மாதிரி இருக்கிறதே என்று நினைத்திருக்கிறேன். ஓட்டை இல்லை, பூட்டு என்று இப்போது தெரிகிறது. 'நான் உண்மையைத்தானே சொன்னேன்' என்று தப்பித்துப் போகிறவனையும் அந்த இலக்கணம் பிடித்துவிடுகிறது.

புரண்டு புரண்டு படுத்ததில் மனைவி விழித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

''அந்த வண்டியில நம்ம பொண்ணும் மாப்பிள்ளையும் கன்னியாகுமரி போறாங்கன்னா என்ன செய்வீங்க?''

''மாத்திட்டுத்தான் அனுப்புவேன்.''

''அப்புறம் என்ன யோசனை? படுங்க.''

அவளுக்கு 1872-ம் வருடச் சட்டமெல்லாம் தெரியாது.

காலையில் போன் செய்தேன். ''தம்பி, ஒரு விஷயம் சொல்லணும். டயர் எல்லாம் பாக்கத்தான் நல்லா இருக்கு. ஆனா, ஒன்பது வருஷம் ஆச்சு. ஹைவேல போறதுன்னா மாத்திட்டுத்தான் போகணும்.''

அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்.

''நேத்து உங்களுக்குத் தெரியாதா சார்?''

ஒரு விநாடி யோசித்தேன். 'இப்பதான் தம்பி ஒருத்தர் சொன்னாரு' என்று ஒரே வார்த்தையில் நல்லவனாகிவிடலாம். ஒரு பொய்யைக் கழுவ இன்னொரு பொய் எவ்வளவு சுலபமாக நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது!

''தெரியும் தம்பி. சொல்லல.''

''வேற ஏதாவது இருக்கா சார்?''

அந்தக் கேள்வி வலித்தது. அவர் கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். முதல் நாளே சொல்லியிருந்தால் 'நல்ல மனுஷன்' என்று நினைத்திருப்பார். ஒரு நாள் கழித்துச் சொன்னதால், இன்னும் எதையோ மறைக்கிறவனாகத் தெரிந்தேன். அவர் மேல் தப்பே இல்லை. உண்மைக்கும் தயாரிப்புத் தேதி இருக்கிறது. எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் உள்ளேயே வைத்திருந்தால் அதுவும் இறுகிப்போகும்.

சாயங்காலம் ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு மணி நேரம். கால்மிதியைத் தூக்கித் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார்கள். சர்வீஸ் பில்லை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்று, வாத்தியார் பை சோதனை போடும்போது நிற்கிற பையன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், நாலு டயருக்கான 16,000 ரூபாயை விலையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னேன். சரி என்றார்.

''ஸ்டெப்னி இருக்கட்டும் சார். அதான் ரோட்டையே பாக்கலையே, புதுசுதானே!''

இப்போதும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால், அந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

''அதுவும் அதே வயசுதான் தம்பி'' என்று குனிந்து நம்பரைக் காட்டினேன். இன்னொரு 4,000. ஆக மொத்தம் 2,20,000. அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

டயர் மாற்றியது பாய் கடையில்தான். கழற்றிய ஐந்தும் ஓரமாகக் கிடந்தன. பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. 'ஐயோ, இத்தனை நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிறோமே' என்று யாருக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது.

''இத யாராவது வாங்குவாங்களா பாய்?''

''வாங்குவாங்க சார். ஒண்ணுக்கு முந்நூறு ரூபா தாராளமாக் கிடைக்கும். டயர் பாலிஷ் ஒரு கோட்டு அடிச்சா இன்னும் நூறு சேத்துத் தருவான்'' என்றவர், உள்ளே போய் ஒரு நீளமான கத்தியைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு வந்தார். முதல் டயரின் பக்கவாட்டில் இறக்கி, ஒரு முழ நீளத்துக்குக் கிழித்தார்.

''என்ன பாய், கிழிச்சுட்டீங்க?''

''புது டயர் வாங்க முடியாதவன்தான் சார் பழைய டயர் தேடி வருவான். அவன் நம்பரப் பாக்க மாட்டான், பட்டனத்தான் பாப்பான். குடும்பத்த ஏத்திக்கிட்டுப் போவான். நமக்கு எதுக்கு?''

அடுத்த டயரை இழுத்துப் போட்டார். நான் ஒரு ராத்திரி தூங்காமல் சட்டம், வள்ளுவர், இங்கிலாந்து என்று சுற்றி வந்து சேர்ந்த இடத்தில், அவர் தினமும் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து டயர், 1,500 ரூபாய். அவருக்கு அது என்னுடைய 20,000-ஐவிடப் பெரிய தொகையாகவே இருக்கலாம். யாரும் அவரைப் பார்க்கவில்லை. செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அவரிடமிருந்து டயர் வாங்கியிருக்கக்கூடிய அந்த மனிதருக்கு, தான் காப்பாற்றப்பட்டதுகூடத் தெரியாது.

ஒருவேளை, என் பழைய டயர்கள் இன்னும் இரண்டு வருடம் ஒன்றும் ஆகாமல் ஓடியிருக்கலாம். அதை இப்போது யாரும் சொல்ல முடியாது. ஒன்றும் ஆகாமல் போயிருந்தால் நான் சொல்லாமல் விட்டது சரியாகிவிடுமா? ஆகாது. அந்தக் குடும்பத்தை அவர்களுக்குத் தெரியாமலே பணயம் வைத்து ஆடி, ஜெயித்த மாதிரிதான். பணயம் வைக்க அவர்கள் என் சொத்து இல்லையே! ஆபத்து இருக்கிறது, இருந்தாலும் ஓட்டுகிறேன் என்று தெரிந்து முடிவெடுப்பது அந்த இளைஞரின் உரிமை. அந்த முடிவை நான் சிரித்தே எடுக்கப் பார்த்தேன்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் கீழே போய் உங்கள் வண்டியின் டயரில் அந்த நாலு எண்ணைத் தேடிப் பாருங்கள். உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். ரோட்டையே பார்க்காத டயர் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், பிறந்த தேதியைக் கேளுங்கள்.

நீங்கள் எதையாவது விற்கப்போகிறீர்கள் என்றால், வாங்க வருகிறவர் கேட்பதற்கு முன்பே, முதல் நாளே, குனிந்து காட்டிவிடுங்கள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.